பின்னலும் வாசிப்பும் ஒரே மாலையில்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

குன்னூர்க் குளிரில் பின்னுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் பலர் வாசிக்கவும் செய்வார்கள். பையைத் திறந்தால் பாதி பின்னிய மஃப்ளரும் பாதி படித்த நாவலும் சேர்ந்தே வெளியே வரும். இரண்டையும் ஒரே மாலையில் வைத்துக்கொள்ளப் பார்க்கும்போது வருகிற கோளாறுகள் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

"நேரம் போதவில்லை" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். நேரம் அநேகமாகக் காரணமே இல்லை. கண்ணுக்கும் காதுக்கும் கைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுக்காததுதான் காரணம். கண்கள் புத்தகத்துக்கா, ஊசிக்கா என்பதை உட்காரும்போதே முடிவு செய்துவிட்டால் கீழே இருப்பவற்றில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. மீதிக்கு, உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறதோ நேராக அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில்.

## கதை சூடு பிடித்தால் கண்ணி நழுவுகிறது

அதிகம் கேட்கிற புகார் இது. (கண்ணி என்பது ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் சுருக்கு.)

பின்னல் வாசிப்புக்கு ஏற்றதுதானா? கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கண்ணி பின்னிப் பாருங்கள். ஊசி முனை தானாக அடுத்த கண்ணியைத் தேடிப் போனால் சரி. நடுவில் கண்ணைத் திறக்கத் தோன்றினால், அந்தப் பின்னல் படித்துக்கொண்டே செய்வதற்கானது அல்ல. லேஸ், கயிறுபோல் முறுக்கித் தெரியும் கேபிள் டிசைன், இரண்டு நிறம் மாறி மாறி வரும் டிசைன், சாக்ஸின் குதிகால் எல்லாமே இந்தச் சோதனையில் தோற்கும். அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம். பாட்டுக் கேட்கிற நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

தேறுவது எது? எல்லா வரிசையும் நிட் என்ற அடிப்படைக் கண்ணி மட்டுமே வருகிற கார்ட்டர் பின்னல். அதைவிட நல்லது, வட்ட ஊசியில் (இரண்டு ஊசி முனைகளை வளையும் கேபிள் ஒன்று இணைப்பது) சுற்றிக்கொண்டே போகும் தொப்பி. வட்டத்தில் பின்னும்போது ஒரு பக்கம் வழவழவென்று வரும் ஸ்டாக்கினெட்டுக்குக்கூட பர்ல் (நிட்டின் மறுபுறம்) தேவையில்லை. வரிசை முடிவில் திருப்பிப் பிடிக்கும் வேலையும் கிடையாது. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போகும் ரிப் நடுத்தரம். விரல் பழகியவர்கள் தடவியே கண்டுபிடித்துவிடுவார்கள், மற்றவர்கள் முதல் அத்தியாயத்திலேயே குழம்பிப் போவார்கள்.

ஊசி வழுக்குகிறதா? ஆக்ரிலிக் நூலும் ஸ்டீல் ஊசியும் சேர்ந்தால் கண்ணிகள் தாமாகவே ஓடும். வேகமாகப் பின்ன அது சௌகரியம், படித்துக்கொண்டே பின்ன அது ஆபத்து. மூங்கில் ஊசி நூலைக் கொஞ்சம் பிடித்து வைக்கும். ஊசி மாற்ற மனமில்லையென்றால், கீழே வைக்கும்போதெல்லாம் ஊசி முனையில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். வட்ட ஊசி என்றால் கண்ணிகளை நடுவிலிருக்கும் கேபிளுக்குத் தள்ளிவிட்டு வைத்தால் போதும்.

பாதுகாப்பு நூல் ஓட்டினீர்களா? கண்ணை நம்பாமல் பின்னுகிறவர்கள் பத்துப் பதினைந்து வரிசைக்கு ஒரு முறை, வேறு நிறத்துத் தையல் நூலை மழுங்கிய ஊசியில் கோத்து, பின்னல் ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிட வேண்டும். கண்ணிகளுக்கு நடுவே எண்ணிக்கைக்காக மாட்டியிருக்கும் அடையாள வளையங்களுக்குள் அந்த நூல் போகக் கூடாது. போனால் வளையமும் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும். பிறகு என்ன கெட்டாலும் அந்த வரிசை வரைக்கும்தான் பிரியும்.

நழுவியே விட்டதா? புத்தகத்தை மூடுங்கள். "இந்தப் பத்தியை முடித்துவிட்டு" என்று நினைத்தால் அதற்குள் கண்ணி இன்னும் நாலு வரிசை இறங்கியிருக்கும். நழுவிய கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டினால் அது அங்கேயே நிற்கும். அப்புறம் நிட் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பின்னலை வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணி இறங்கிய தடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கு நூல்கள் தெரியும். எத்தனை வரிசை இறங்கியதோ அத்தனை நூல். பின்னல் ஊசியைவிடச் சற்று மெல்லிய குரோஷா ஊசியைக் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைத்து, இருப்பவற்றில் மிகக் கீழே உள்ள குறுக்கு நூலைக் கொக்கியில் மாட்டி, கண்ணி வழியாக உங்கள் பக்கம் இழுங்கள். இப்போது அந்தக் குறுக்கு நூலே புதுக் கண்ணி. அடுத்த நூலுக்குப் போங்கள். மேலே வந்ததும் கண்ணியின் வலது கால் ஊசிக்கு முன்பக்கம் நிற்கும்படி இடது ஊசியில் ஏற்றுங்கள். திருகி ஏற்றினால் அந்த ஒரு கண்ணி மட்டும் தனியாக முறுக்கிக்கொண்டு தெரியும். கார்ட்டர் பின்னலாக இருந்தால் ஒரு குறுக்கு நூலுக்கு முன்பக்கம், அடுத்ததற்குப் பின்பக்கம் என்று திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும்.

எப்போது கைமாற்றிவிட வேண்டும்? லேஸில் இரண்டு மூன்று வரிசைக்கு மேல் இறங்கிவிட்டால், பாதுகாப்பு நூலும் இல்லையென்றால், நீங்களாக இழுத்துப் பார்க்காதீர்கள். பின் மாட்டி, ஊசியோடு சுருட்டி, நன்றாகப் பின்னத் தெரிந்த ஒருவரிடம் கொண்டு போங்கள். டிசைன் தாளையும் எடுத்துப் போங்கள். அது இல்லாமல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

## திரும்ப எடுத்தால் வரிசையும் தெரியவில்லை, பக்கமும் தெரியவில்லை

குக்கர் விசில் வந்தது, எழுந்து போனீர்கள், திரும்பி வந்தால் எந்தப் பக்கம் பின்னிக்கொண்டிருந்தோம் என்றே தெரியவில்லை.

இதற்கு உடனடிச் சோதனை ஒன்று உண்டு. உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியில் தொங்குகிறது என்று பாருங்கள். வரிசையின் நடுவில் விட்டிருந்தால் அந்த ஊசிதான் வலது கைக்கு. மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் பின்னிக்கொண்டு போவீர்கள், நடுவில் ஒரு ஓட்டை விழும். எத்தனை வரிசை ஆயிற்று என்பதை கார்ட்டர் பின்னலில் எண்ணுவது சுலபம். ஒரு மேடு என்றால் இரண்டு வரிசை.

அடிக்கடி இப்படி ஆனால் காரணம் நீங்கள் நிறுத்துகிற இடம். வாசிக்கிறவர்கள் அத்தியாயம் முடிகிற இடத்தில் நிறுத்துவார்கள். அது ஊசிக்கு எந்த இடமோ, யாருக்குத் தெரியும். வரிசை முடிந்த இடத்தில் நிறுத்துங்கள். கதை வாக்கியத்தின் நடுவில் நின்றாலும் பரவாயில்லை, கதை தானாக நினைவுக்கு வந்துவிடும். புத்தகத்தில் வைக்கிற அடையாள அட்டையிலேயே பென்சிலால் வரிசைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு வந்தால் ஒரே சீட்டில் இரண்டு கணக்கும் இருக்கும். பின்னல் ஊசியையே பக்க அடையாளமாகச் செருகுவது எங்கள் கூட்டத்தில் பரவலான பழக்கம். 4 மி.மீ. ஊசி ஒரு வாரம் உள்ளே கிடந்தால் அட்டை பிதுங்கிக்கொள்ளும். நூலகப் புத்தகத்தில் தயவுசெய்து வேண்டாம்.

## புத்தகம் திறந்து நிற்பதில்லை

முதுகைப் பாருங்கள். அட்டைக்குள் நூலால் தைத்த பழைய கெட்டி அட்டைப் புத்தகம் மேஜையில் மல்லாந்து படுக்கும். பசை போட்டு ஒட்டிய இப்போதைய பேப்பர்பேக் படுக்காது. அழுத்தினால் முதுகு விரியும், பிறகு பக்கம் பக்கமாகக் கழன்று வரும். நடுவில் பின் அடித்த வாரப் பத்திரிகை எல்லாவற்றையும்விட ஒத்துழைக்கும். பின்னிக்கொண்டு படிக்க வாரப் பத்திரிகைத் தொடர்கதையை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஒரு அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் முடிந்துவிடும், பக்கம் புரட்டுகிற வேலையும் குறைவு.

பேப்பர்பேக்தான் படிக்க வேண்டுமென்றால், முதலில் இரண்டு பக்கமும் பைண்டர் கிளிப். போதவில்லையா? வீட்டில் பாட்டி பாராயணத்துக்கு வைத்திருந்த சிக்குப்பலகை பரணில் கிடக்கும், தேடுங்கள். குறுக்காக விரியும் அந்தப் பலகையில் புத்தகம் பாதி திறந்த நிலையிலேயே சாய்ந்து நிற்கும். முதுகும் உடையாது. அதை மேஜைமேல் வைத்துக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் கழுத்துக்கும் நல்லது. அடுத்த படி, டேப்லெட்டில் மின்னூல். பக்கம் மாற்ற ஒரு தட்டு போதும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இபப் என்ற மின்னூல் வடிவிலும், சின்னத் திரைக்கென்றே தயாரித்த 6 அங்குல பிடிஎஃப் வடிவிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஏற்கெனவே தாள் கழன்ற புத்தகத்துக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் கெடுக்கும். பைண்டிங் கடையில் கொடுத்து, "தைத்துக் கட்டுங்கள்" என்று சொல்லிக் கொடுங்கள். சும்மா "பைண்ட் பண்ணுங்க" என்றால் மறுபடியும் பசைதான் வரும்.

## காதில் கதை ஓடுகிறது, மண்டையில் ஏறவில்லை

கண்ணை ஊசிக்கே கொடுத்துவிட்டுக் கதையைக் காதுக்கு மாற்றியவர்களின் புகார் இது.

எண்ணிக்கொண்டே கேட்கிறீர்களா? "பதினேழு, பதினெட்டு" என்று மனசுக்குள் சொல்வதும் சொற்கள்தான், கதையும் சொற்கள்தான். இரண்டும் ஒன்றோடொன்று மோதும். இருபது கண்ணிக்கு ஒரு அடையாள வளையம் ஊசியில் மாட்டிவிடுங்கள். எண்ண வேண்டிய வேலை போய்விடும். வளையம் வாங்க வேண்டியதில்லை, வேறு நிறத்து நூலைச் சின்ன வளையமாக முடிச்சு போட்டாலே போதும்.

புத்தகம் பொருத்தமானதா? பெயர்கள் குவிகிற வரலாற்று நாவலை முதல் தடவையே காதால் கேட்டால், யார் யாருக்கு மாமன் என்பது ஐந்தாம் அத்தியாயத்தில் குழம்பும். ஏற்கெனவே படித்ததை மறுபடி கேளுங்கள், அல்லது சிறுகதை. கவிதை வேண்டவே வேண்டாம்.

குரல் சரியாக இருக்கிறதா? ஒலிப்புத்தகம் கிடைக்காதபோது ஃபோனையே படிக்கச் சொல்லலாம். ஆண்ட்ராய்டு அமைப்புகளில் உரையை ஒலியாக்கும் பகுதிக்குப் போனால் தமிழ்க் குரல் இருக்கிறது. ஃபோன் வாய் திறக்கவே இல்லையென்றால் அந்தக் கோப்பில் எழுத்தே இருக்காது, வெறும் படம்தான். சோதனை: பக்கத்தில் ஒரு சொல்லை விரலால் அழுத்தித் தேர்ந்தெடுக்கப் பாருங்கள். தேர்வானால் எழுத்து, ஆகவில்லையென்றால் படம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய நூல்கள் ஸ்கேன் செய்தவை. அவற்றைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் நூல்கள் தட்டச்சு செய்த யூனிகோடு எழுத்தில் கிடைப்பதால் ஃபோன் அவற்றைப் படித்துவிடும். உரைநடையைத் தாங்கிக்கொள்ளலாம். செய்யுளை அது படிக்கிற அழகைக் கேட்டால் ஊசி கையிலிருந்து விழும்.

## எதுவுமே முடிவதில்லை

கட்டிலுக்கடியில் பாதி ஸ்வெட்டர்கள், அலமாரியில் அடையாளச் சீட்டு நீட்டிக்கொண்டிருக்கும் புத்தகங்கள். இங்கேதான் நேரத்தைக் குறை சொல்லத் தோன்றும்.

முதலில் பாருங்கள், அவை கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கின்றனவா? உள்ளறைப் பெட்டியில் இருக்கிற ஸ்வெட்டர் முடியாது. சோபா ஓரத்தில் இருப்பது முடியும். ஒரு துணிப்பையில் ஒரு பின்னல், ஒரு புத்தகம். இரண்டும் ஜோடியாக. எளிய பின்னலோடு கண்ணால் படிக்கிற புத்தகம், கடினப் பின்னலோடு காதால் கேட்கிறது. ஜோடி மாறினால் இரண்டுமே நிற்கும். பஸ்ஸிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் எடுக்க ஒரு பை, வீட்டில் ஒரு பை. மூன்றாவது பை ஆரம்பிக்கும்போது முதலிரண்டில் ஒன்றை முடித்திருக்க வேண்டும். வீட்டில் யாராவது "சும்மாதானே உட்கார்ந்திருக்கே" என்று கூப்பிடுவார்கள். கையில் புத்தகம் மட்டும் இருந்தால் கூப்பிடுவார்கள், ஊசியும் இருந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். இது ஏன் என்று எனக்குப் புரிந்ததில்லை, ஆனால் பயன்படுத்திக்கொள்கிறேன்.

அடுத்தது, நூல் பாதியில் தீர்ந்ததால் நின்றதா? லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதி எண்ணும் இருக்கும். தொகுதி மாறினால் அதே நிறம் என்று கடைக்காரர் சத்தியம் செய்தாலும் பின்னிய பிறகு கோடாகத் தெரியும். பழைய தொகுதி கிடைக்காவிட்டால் பழைய உருண்டையில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று சில அங்குலத்துக்கு மாற்றி மாற்றிப் பின்னுங்கள். வித்தியாசம் கரைந்துவிடும். பழைய உருண்டை முழுவதும் தீருமுன் இதை ஆரம்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

நூலும் இருக்கிறது, பையும் அருகில் இருக்கிறது, ஆனாலும் எடுக்கத் தோன்றவில்லையா? உங்களுக்கு அது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிரித்துவிடுங்கள். பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நிழலில் காயப் போட்டால் கம்பளி நூல் நேராகிவிடும். ஆக்ரிலிக் அந்த அளவுக்கு நேராகாது. புத்தகத்தை நூலகத்தில் திருப்பிக் கொடுங்கள்.

## கை மரத்துப் போகிறது, மணிக்கட்டு வலிக்கிறது

படித்துக்கொண்டே பின்னுகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும், ஏனென்றால் கதை சுவாரஸ்யத்தில் கை அலுத்தது தெரியாது. பதற்றமான காட்சியில் ஊசியை இறுக்கிப் பிடித்திருப்பீர்கள். சந்தேகம் இருந்தால் பின்னலைப் பாருங்கள். கொலை நடந்த அத்தியாயத்தில் பின்னிய வரிசைகள் மட்டும் இறுகி, அகலம் குறைந்திருக்கும்.

எளியது முதலில். அரை மணிக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்து விரல்களை விரித்து மூடுங்கள். முழங்கைக்குக் கீழே தலையணை வையுங்கள். கனமான போர்வையை நீள ஊசியில் பின்னினால் முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். வட்ட ஊசிக்கு மாற்றினால் எடை மடியில் உட்காரும். வலி இருக்கும் நாளில் பின்னலை விட்டுவிட்டு வாசிப்பு மட்டும். ஆனால் தடித்த புத்தகத்தைக் கட்டைவிரலால் விரித்துப் பிடிப்பதும் அதே தசைக்கு வேலைதான், ஆகவே அன்றைக்குச் சிக்குப்பலகை.

மருத்துவரிடம் போக வேண்டிய கட்டம்: கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் ராத்திரியில் கையை உதறிக்கொண்டு எழுந்திருந்தால், டம்ளர் பிடிக்கும்போது நழுவினால், கட்டைவிரல் அடிப்பகுதிச் சதை வற்றியதுபோல் தெரிந்தால், விரல் மடங்கி மாட்டிக்கொண்டு டக்கென்று விடுபட்டால். முதலிரண்டும் மூன்றாவதும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதால் வரக்கூடியவை. எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். கடையில் பட்டை வாங்கி மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

## கண் எரிகிறது, கறுப்பு நூல் தெரியவில்லை

கறுப்பு, கருநீலம் பின்னுவதைப் பகலுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மடியில் ஒரு வெள்ளைத் துண்டு விரித்துக்கொள்ளுங்கள், கண்ணிகளின் இடைவெளி அதில் எடுப்பாகத் தெரியும். விளக்கு பின்னாலிருந்து தோள் வழியாக வரட்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு வேறு ஒரு காரணம். புத்தகம் ஒரு தூரத்தில், மடியில் இருக்கும் பின்னல் அதைவிடத் தள்ளி. ஒன்றுக்குப் பொருந்தும் கண்ணாடி மற்றதற்கு மங்கும். இரண்டையும் ஒரே தூரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். அப்படியும் தலைவலித்தால் கண் பரிசோதனைதான். போகும்போது பின்னலையும் புத்தகத்தையும் எடுத்துப் போய், வழக்கமாக எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து காட்டுங்கள். அட்டையில் எழுத்துப் படித்துக் காட்டுவதோடு நிறுத்தினால் மடியின் தூரம் அவர்களுக்குத் தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்கினால், அல்லது நேர்க்கோடு வளைந்து தெரிந்தால், அன்றே போக வேண்டும்.

## மழைக்காலத்தில் நூலும் புத்தகமும் சேர்ந்தே கெடுகின்றன

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே சுவரே வியர்க்கும். இரண்டையும் ஒரே அலமாரியில் அடைத்து வைப்பவர்களுக்குத்தான் சேதம் அதிகம்.

பூசண வாடை மட்டும் என்றால் வெயில் அடிக்கிற நாளில் கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். புத்தகங்களைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, நெருக்காமல் அடுக்குங்கள். அந்துருண்டை போட்டால் புத்தகம் வருஷக் கணக்கில் நாறும். காகிதத்தில் அரித்த தடம் இருந்தால் வெள்ளிப் பூச்சி. நூலில் ஓட்டை இருந்தால் அந்துப்பூச்சியின் புழு. அது கம்பளியைத்தான் தின்னும், ஆக்ரிலிக்கை விட்டுவிடும். கம்பளி நூலைப் பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் நூலில் இறங்கும். அலமாரி மரத்திலேயே பூச்சி இருந்தால் பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் வருவதற்கு முன் நூல், புத்தகம் இரண்டையும் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள்.